எட்டாவது சர்வர்

2012-ம் வருஷம் ஆகஸ்ட் 1. புதன்கிழமை. நியூ யார்க் பங்குச் சந்தை வழக்கம்போல் காலை ஒன்பதரைக்கு மணியடித்துக் கதவைத் திறந்தது. நம் ஊரில் அப்போது இரவு ஏழு மணி.

பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் நைட் கேப்பிட்டல் என்றொரு நிறுவனம். நைட் என்றால் ராத்திரி இல்லை. கவசம் மாட்டிக்கொண்டு குதிரையில் வருவானே, அந்த நைட். பெயருக்கேற்ற ஆகிருதிதான். அமெரிக்கப் பங்கு வர்த்தகத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல் இவர்கள் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சந்தை திறந்ததுதான் தாமதம். அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டது. வாங்கு, வாங்கு, விற்றுத் தள்ளு, மறுபடி வாங்கு. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களை நிறைவேற்ற வேண்டிய இடத்தில், 45 நிமிஷத்துக்குள் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்து முடிந்தன. 154 கம்பெனிகளின் பங்குகள். எண்ணிக்கையில் 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிட்டுக் கணக்குப் பார்த்தபோது நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். நிமிஷத்துக்கு ஒரு கோடி டாலர்.

வைரஸா? இல்லை. திருடனா? அதுவும் இல்லை. எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதில் ஏற்ற விட்டுப்போயிற்று. அவ்வளவுதான்.

எட்டு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவர், ஏழு வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்த கதை. கல்யாணம் என்றால் சித்தப்பா ஒருத்தர் கோபித்துக்கொள்வார். இங்கே கம்பெனியே போய்விட்டது.

இப்படியொரு தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ள வழி இல்லையா? இருந்தது. பத்தொன்பது வருஷம் முன்பே ஒரு மனிதர் அதைக் கண்டுபிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகவே கொடுத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கம்ப்யூட்டர் படித்தவரே இல்லை.

*

அவரிடம் போவதற்கு முன்னால் சர்வர் என்பது என்ன என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல், அலமாரியில் அடுக்கிய தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர் படுத்துக் கிடக்கிறது. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில் சொல்கிறது. சர்வர் என்றால் அதுதான். ஹோட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவருக்கும் அதே பெயர்தானே? இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது.

புதிதாக வாங்கிய சர்வர் என்பது புதிதாகக் கட்டிய வீடு. சுவர் இருக்கும், கூரை இருக்கும். குடியிருக்க முடியாது. எந்த மென்பொருள், அதில் எத்தனையாவது பதிப்பு, யார் யாருக்கு உள்ளே வர அனுமதி, எந்தக் கதவு திறந்திருக்கலாம், எது எப்போதும் மூடியிருக்க வேண்டும், நடந்ததையெல்லாம் எந்த நோட்டில் எழுதிவைப்பது என்று நூறு ஏற்பாடுகள் செய்தாக வேண்டும். இந்த ஏற்பாடுகளின் கூட்டுத்தொகைக்குத்தான் கன்ஃபிகரேஷன் என்று பெயர்.

ஒரு ஆபீஸில் மூன்று சர்வர்கள் இருந்த காலத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை. சிஸ்டம் அட்மின் என்று ஓர் ஆசாமி இருப்பார். மூன்றையும் அவரே கையால் கட்டி வளர்த்திருப்பார். எதற்கு ஜலதோஷம் பிடிக்கும், எதற்கு வாயுத் தொல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஆசையாசையாய்ப் பெயர் வைத்திருப்பார். கிரகங்கள், கிரேக்கக் கடவுள்கள், மதுபான வகைகள்.

பெயர் வைப்பதற்கென்று ஒரு சாஸ்திரமே இருந்தது. 1990-ம் வருஷம் டான் லிப்ஸ் என்பவர், கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது எப்படி என்று ஓர் ஆவணம் எழுதினார். இன்டர்நெட்டின் விதிமுறைகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 1178-ம் எண். அதில் அவர் சொன்ன புத்திமதிகளில் ஒன்று, ஒரு கம்ப்யூட்டருக்கு அது செய்கிற வேலையை வைத்துப் பெயர் வைக்காதீர்கள் என்பது. வேலை நாளைக்கு மாறிவிடும். பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

நல்ல யோசனைதான். ஆனால் பெயர் ஜூபிடர் என்றிருந்தால், ஜூபிடர் என்ன வேலை செய்கிறது என்பது எங்கே எழுதியிருக்கும்?

எங்கேயும் இல்லை. அந்த அட்மினின் மண்டையில் இருக்கும். அவர் லீவு போட்டால் அதுவும் லீவு.

*

மார்க் பர்ஜெஸ். இங்கிலாந்துக்காரர். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குப் போனார். போன இடத்தில் துறையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

அங்கே இருந்த இயந்திரங்கள் எல்லாமே யூனிக்ஸ் ஜாதி. ஆனால் ஒரே ஜாதிக்குள் ஆயிரம் உட்பிரிவு. சன் கம்பெனியின் யூனிக்ஸ் ஒரு மாதிரி, ஹெச்.பி.யின் யூனிக்ஸ் ஒரு மாதிரி. ஒன்றில் வலது பக்கம் இருக்கும் சமாசாரம் இன்னொன்றில் இடது பக்கம் இருக்கும். ஒரு சின்ன மாற்றத்தை எல்லாவற்றிலும் செய்ய ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினால், பாதி ஸ்க்ரிப்ட் "இது சன்னாக இருந்தால் இப்படி, ஹெச்.பி.யாக இருந்தால் அப்படி" என்றே போய்விடும். எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் புரியாது.

1993-ல் பர்ஜெஸ் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினார். பெயர் சி.எஃப்.என்ஜின். கன்ஃபிகரேஷன் என்ஜின் என்பதன் சுருக்கம். அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இன்றைக்கு வரை இந்தத் துறை முழுக்க அந்த இரண்டின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

முதலாவது, வகைப்படுத்துதல். ஒவ்வொரு இயந்திரமும் எழுந்தவுடன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு, நான் யார், என்ன வகை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். நான் சன் இயந்திரம். இன்ன கட்டடத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறேன். இன்றைக்கு திங்கள்கிழமை. மணி மூன்று. இப்படி ஒவ்வொன்றும் ஒரு வகுப்பு. அட்மின் எழுத வேண்டியதெல்லாம் இந்த வகுப்பில் உள்ளவர்கள் இப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். யாருக்கு எது பொருந்துமோ, அவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். "இருந்தால், இல்லாவிட்டால்" எல்லாம் காணாமல் போயிற்று.

இரண்டாவது இன்னும் நுட்பம். காப்பி உதாரணத்தில் சொல்கிறேன்.

அடுப்படியில் ஒரு டம்ளர் காப்பி இருக்கிறது. சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "காப்பிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போடவும்." அம்மா வந்து ஒரு ஸ்பூன் போடுகிறார். அக்கா வந்து சீட்டைப் படித்துவிட்டு ஒரு ஸ்பூன். தம்பி ஒரு ஸ்பூன். காப்பி என்ன ஆகும்? சாதாரண ஸ்க்ரிப்டின் லட்சணம் இதுதான். எத்தனை தரம் ஓடுகிறதோ அத்தனை தரம் செய்யும்.

சீட்டில் இப்படி எழுதியிருந்தால்? "காப்பியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருக்க வேண்டும்." வருகிறவர் முதலில் ருசி பார்ப்பார். இல்லையென்றால் போடுவார். இருந்தால் பேசாமல் போய்விடுவார். பத்து பேர் வந்தாலும் காப்பி காப்பியாகவே இருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இதனால் அந்தக் கருவியை மணிக்கொரு தரம் பயமில்லாமல் ஓடவிடலாம். யாராவது நடுவில் வந்து எதையாவது மாற்றிவிட்டுப் போயிருந்தால், அது கண்டுபிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நம் உடம்பு காய்ச்சலிலிருந்து தானே மீண்டுவருகிற மாதிரி. 1998-ல் பர்ஜெஸ் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பே கம்ப்யூட்டரின் நோய் எதிர்ப்பு சக்தி பற்றித்தான்.

*

பௌதிகம் ஆயிற்று. அடுத்தது ரசாயனம்.

லூக் கேனிஸ், அமெரிக்கர். கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு சிஸ்டம் அட்மின் ஆனவர். சி.எஃப்.என்ஜினை வருஷக்கணக்கில் பயன்படுத்தியவர். அதில் சில குறைகள் கண்டார். சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று 2005-ல் இறங்கினார். பப்பெட் பிறந்தது. பொம்மலாட்டப் பொம்மை என்று அர்த்தம். நடுவில் ஒரு தலைமை சர்வர். மற்ற அத்தனையும் அரை மணிக்கொரு தரம் அதனிடம் வந்து, "ஐயா, நான் இன்னார். நான் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

இப்படிக் கேட்டு வருகிற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இந்த உலகத்தில் நோட் என்று பெயர். ரூபாய் நோட்டு இல்லை. கணு. கரும்பில் இருக்கிறதே, அது. வலையின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கணு.

பப்பெட்டில் ஒரு கோப்பு உண்டு. இந்தப் பெயருள்ள கணு வெப் சர்வர். இந்தப் பெயருள்ளது டேட்டாபேஸ். இந்த நாலும் மெயில். இப்படி எழுதிவைக்க வேண்டும். எழுதியாயிற்று. இப்போது யாரோ புதிதாக ஒரு சர்வரை வாங்கி மாட்டிவிட்டார்கள். பட்டியலில் அதன் பெயர் இல்லை. அது வந்து நான் யார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்த இடத்தில் எனக்கு நான் படித்த பி.காம். ஞாபகம் வருகிறது.

படித்து முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சில மாதம் எடுபிடி வேலை பார்த்தேன். கடைக்காரர்கள் மஞ்சள் பையில் வவுச்சர்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தலைப்பின் கீழ் போட வேண்டும். வாடகை, சம்பளம், கூலி, வண்டிச் சத்தம். எதிலும் சேராமல் சில முழிக்கும். 1,140 ரூபாய், தேதி இருக்கிறது, எதற்கென்று இல்லை. அதையெல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்ற தலைப்பில் தள்ளிவிடுவேன். எனக்கு ஐந்தொகை டாலியாகிவிடும், நிம்மதி. பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் வருவார். "தம்பி, சஸ்பென்ஸ்ல ஒரு ரூபா நின்னாலும் நமக்குத் தெரியாம ஒரு கதை ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

பப்பெட்டில் சஸ்பென்ஸ் அக்கவுன்டுக்கு டீஃபால்ட் என்று பெயர். பட்டியலில் இல்லாத கணுவெல்லாம் அதில் போய் விழும். அப்படி ஒரு தலைப்பே எழுதாமலும் விடலாம். மற்ற கணுக்களையெல்லாம் எழுதிவைத்து இதை மட்டும் எழுதாமல் விட்டால், பெயர் தெரியாத கணு வந்ததும் பப்பெட் கைவிரித்துவிடும். பிழை என்று கத்தும். எது நல்லது என்று அட்மின்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. அடிப்படைப் பாதுகாப்பையாவது போட்டு உள்ளே உட்காரவை என்பது ஒரு கட்சி. தெரியாதவனுக்குக் கதவைத் திறக்காதே, சத்தம் போடட்டும், அப்போதுதான் நமக்குத் தெரியவரும் என்பது இன்னொரு கட்சி. எங்கள் பெரியவர் இரண்டாவது கட்சியில்தான் சேர்ந்திருப்பார்.

*

ஒரு கணு யார் என்பதை எப்படி முடிவு செய்வது? மூன்று வழிகள் பழக்கத்தில் வந்தன.

ஒன்று, பெயர். வெப் 01, வெப் 02 என்று வரிசையாகப் பெயர் வைத்துவிட்டு, வெப் என்று ஆரம்பிக்கிறதெல்லாம் வெப் சர்வர் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் 1990-ல் டான் லிப்ஸ் எதற்குப் பயந்தாரோ, அது இங்கேதான் நடக்கும். வெப் 07 என்ற இயந்திரத்தை அவசரத்துக்கு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். பெயரை மாற்றியிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து அது பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு, சுய அறிமுகம். எனக்கு இவ்வளவு மெமரி, இன்ன ஆபரேட்டிங் சிஸ்டம், இன்ன விலாசம் என்று கணுவே சொல்வது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் சர்வருக்கு மட்டும் கொடுக்க வேண்டிய பாஸ்வேர்டு ஒன்று தலைமையிடம் இருக்கிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்ட ஒரு சாதாரண சர்வர் வந்து, "நான்தான் சம்பள சர்வர்" என்றால்? மேனேஜர் என்று சொல்கிறவனிடமெல்லாம் பெட்டகச் சாவியைக் கொடுக்கிற வங்கி எத்தனை நாள் ஓடும்? அதனால்தான் பப்பெட்டில் ஒவ்வொரு கணுவுக்கும் தலைமை சர்வர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். மெமரி எவ்வளவு என்று கணு சொல்வதை நம்பலாம். அது யார் என்பதற்குச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, வெளியே ஒரு பதிவேடு. எந்தக் கணு எந்த வேலைக்கு என்பதை ஒரு தனி டேட்டாபேஸில் வைத்துக்கொள்வது. கணு வந்து கேட்டதும், பப்பெட் அந்தப் பதிவேட்டுக்குப் பெயரைக் கொடுத்து, இவர் எந்தெந்த வகுப்பு என்று பதில் வாங்கிக்கொள்ளும். பேரேடு ஓரிடம், விதிகள் ஓரிடம். காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே பிடித்துப்போகும். புதிய சர்வர் வந்தால் விதியைத் தொட வேண்டாம். பேரேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதற்கெல்லாம் அப்போது ஓர் அவசரமும் வந்து சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் அமேசான் கம்பெனி சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு பத்து சென்ட். சர்வர் வாங்க டெண்டர், ஆர்டர், லாரி, ஆறு வாரம் என்றிருந்தது போய், பட்டனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் இருபது சர்வர் என்று ஆனது. சாயங்காலம் வேண்டாமென்றால் கலைத்துவிடலாம். ஒரு நாள் ஆயுசுள்ள இயந்திரத்துக்கு ஜூபிடர் என்று பெயர் வைத்து யார் கொஞ்சிக்கொண்டிருப்பது? மைக்ரோசாஃப்டில் இருந்த பில் பேக்கர் என்பவர் இதற்கு ஓர் உவமை சொன்னார். பழைய சர்வர்கள் வீட்டு நாய்க்குட்டி மாதிரி, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்போம். புதிய சர்வர்கள் மந்தை மாடு மாதிரி, பெயர் கிடையாது, நம்பர்தான். ஒன்று படுத்தால் இன்னொன்று.

மந்தை பெருத்ததும் மேய்ப்பர்களும் பெருத்தார்கள். 2009-ல் ஆடம் ஜேக்கபின் செஃப் வந்தது. பெயருக்கேற்ப சமையல் குறிப்பு, சமையல் புத்தகம் என்றே எல்லாவற்றையும் அழைத்தார்கள். 2011-ல் தாமஸ் ஹேட்ச் என்பவரின் சால்ட். உப்பேதான். 2012-ல் மைக்கேல் டிஹான் எழுதிய ஆன்சிபிள். உர்சுலா லெ குவின் 1966-ல் எழுதிய விஞ்ஞான நாவலில், எத்தனை ஒளியாண்டு தூரம் இருந்தாலும் உடனே செய்தி அனுப்பும் கருவி ஒன்று வரும். அந்தப் பெயர்தான் இது. ஆன்சிபிளில் இன்வென்டரி என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. கடையில் சரக்கு இருப்புப் பட்டியல் போடுவோமே, அதே பெயர், அதே காரியம். தலைப்பு எழுதி, கீழே சர்வர் பெயர்களை எழுதிவைத்தால் தீர்ந்தது.

கவனித்தீர்களா? 2012. பிப்ரவரியில் ஆன்சிபிள் வந்துவிட்டது. பப்பெட்டுக்கு ஏழு வயசு. சி.எஃப்.என்ஜினுக்குப் பத்தொன்பது. அந்த வருஷம் ஜூலைக் கடைசியில்தான் நைட் கேப்பிட்டலில் எட்டு சர்வருக்கு ஒருத்தர் கையால் மென்பொருளைக் காப்பி செய்துகொண்டிருந்தார்.

*

நடந்தது இதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் விசாரித்து 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் எல்லாம் புட்டுப் புட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

நியூ யார்க் சந்தை ஆகஸ்ட் 1-ல் ஒரு புதிய திட்டத்தை ஆரம்பிப்பதாக இருந்தது. அதற்காக நைட் தன் மென்பொருளை மாற்றி எழுதியது. மாற்றும்போது பவர் பெக் என்கிற பழைய நிரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை வைத்தார்கள். பவர் பெக் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்ட கிழம். யாரும் அதைச் சுத்தம் செய்யவில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஸ்டவ் மாதிரி ஒன்பது வருஷமாகக் கிடந்தது. அதை முடுக்குகிற சுவிட்சையே புதிய நிரலுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

ஜூலை 27-லிருந்து சர்வர் சர்வராக ஏற்றினார்கள். எட்டாவதில் ஏற்றவில்லை. ஏற்றியாயிற்றா என்று இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டும் என்று விதியும் எழுதிவைக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 1 காலை. சுவிட்ச் போடப்பட்டது. ஏழு சர்வரில் புதிய நிரல் எழுந்தது. எட்டாவதில் கிழம் எழுந்தது. கேட்ட அளவு பங்கு வாங்கியாகிவிட்டது, நிறுத்து என்று சொல்லும் பகுதியை 2005-லேயே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதைச் சோதித்தும் பார்க்கவில்லை. ஆகவே அது நிறுத்தவே இல்லை.

சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே, அவர்களுடைய சிஸ்டம் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. 97 கடிதம். பவர் பெக் என்ற பெயர் அதிலேயே இருந்தது. எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் உச்சகட்டம். ஆர்டர்கள் பறக்கின்றன. எங்கே கோளாறு என்று தெரியவில்லை. புதிதாக ஏற்றியதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். நீங்களும் நானும் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம். அவசர அவசரமாக அந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். இப்போது எட்டு சர்வரிலும் கிழம் எழுந்துவிட்டது.

எட்டில் ஒன்று வேறு மாதிரி இருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல் அந்த நிமிஷத்தில் அவர்கள் கையில் இருந்திருந்தால் போதும். அந்த ஒன்றின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். அவர்கள் மனசில் எட்டும் ஒரே வகுப்பு. நிஜத்தில் ஏழும் ஒன்றும்.

ஐந்து நாளில் ஆறு முதலீட்டாளர்கள் சேர்ந்து 40 கோடி டாலர் போட்டுக் கைதூக்கிவிட்டார்கள். ஆனால் அடுத்த வருஷமே கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து நைட் தன் சுதந்திரத்தை இழந்தது. ஒழுங்கு ஆணையம் விதித்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர். நஷ்டத்தோடு ஒப்பிட்டால் பஸ் டிக்கெட் காசு.

பப்பெட்டோ ஆன்சிபிளோ இருந்திருந்தால் நைட் பிழைத்திருக்குமா? முத்திரைத்தாளில் எழுதித் தர முடியாது. அந்தப் பட்டியலிலேயே ஏழு பெயரை மட்டும் எழுதியிருந்தால் கதை கந்தல்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எட்டும் ஒரே வகுப்பு என்று ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால், அதற்குப் பிறகு நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அரை மணிக்கொரு தரம் இயந்திரமே வந்து ருசி பார்க்கும். ஜூலை 27-க்கும் ஆகஸ்ட் 1-க்கும் நடுவில் எத்தனை அரை மணி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

இதோடு முடித்தால் ஏதோ இயந்திரம் வந்து மனுஷனைக் காப்பாற்றிய கதை மாதிரி ஆகிவிடும். அப்படியில்லை.

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. கோப்பில் பிழை. இங்கே யாரும் எதையும் மறக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கூட விட்டுப்போகக் கூடாது என்று அத்தனைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். 78 நிமிஷத்தில் தப்பு தெரிந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. விமானங்கள் நின்றன. மருத்துவமனைகள் தடுமாறின. நம் நாட்டில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

நைட் கேப்பிட்டலில் ஒன்று வித்தியாசமாக இருந்ததால் நாசம். இங்கே எல்லாம் ஒன்றாக இருந்ததால் நாசம். தானியங்கிக் கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. எழுதியதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சரியை எழுதினால் சரி, தப்பை எழுதினால் தப்பு.

ஆகவே வகைப்படுத்துவதில் இன்னொரு வகையும் வேண்டும் என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இது என்ன வேலை செய்கிற சர்வர் என்பது மட்டும் போதாது. மாற்றத்தை முதலில் வாங்கிக்கொள்ளப்போவது யார், அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளப்போவது யார் என்றும் பிரித்து எழுத வேண்டும். புது மாவில் முதலில் ஒரு தோசை சுட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பந்தியைக் கூப்பிடுவது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்கும் அந்தக் கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது.

கருவிகளும் கைமாறிவிட்டன. ஆன்சிபிளை 2015-ல் ரெட் ஹேட் வாங்கியது. 2020-ல் செஃப், சால்ட் இரண்டையும் வேறு வேறு கம்பெனிகள் வாங்கின. 2022-ல் பப்பெட்டும் போனது. இன்றைக்குப் புதிதாக வருகிறவர்கள் குபர்னெடிஸ் என்கிறார்கள். அங்கேயும் ஒவ்வொரு கணுவுக்கும் லேபிள் ஒட்டித்தான் எதை எங்கே ஓடவிடுவது என்று தீர்மானிக்கிறார்கள். பெயர்தான் புதிது.

போன வாரம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பரின் பையனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினான். "உங்கள் ஆபீஸில் டீஃபால்ட் தலைப்பின் கீழ் இப்போது எத்தனை சர்வர் இருக்கிறது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "பார்க்கணும் அங்கிள்" என்றான்.